சபை நடுவே வையுங்கள்

தெற்கத்திச் சீமையின் சபைமக்களுக்கு,



ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிற பேச்சில் அடங்காத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசங்க பீடம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறவள், ஓய்வுநாள் பள்ளியில் உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் சபைகளில் ‘ஆண்டவர் என்னிடம் பேசினார்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. வேலையை விடுகிறேன், ஆண்டவர் உணர்த்தினார். இந்த வரன் வேண்டாம், ஆண்டவர் தடுத்தார். நிலத்தை விற்று ஜெபவீடு கட்டப் போகிறேன், ஆண்டவர் வாக்குக் கொடுத்தார். கேட்கிற நாம் ‘ஆமென்’ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ‘இது சரிப்பட்டு வருமா?’ என்று நமக்குள் பேசிக்கொள்கிறோம். முகத்துக்கு முன் ஆமென், முதுகுக்குப் பின் சந்தேகம். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது அந்த மனுஷரைத் தனியாக விட்டுவிடுவதாகத்தான் தெரிகிறது.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். நர்சிங் முடித்து வேலைக்குக் காத்திருந்தாள். வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிற ஒரு தம்பி, உபவாச ஜெபத்தில் அவள் முகத்தை ஆண்டவர் காட்டினார், அவள்தான் தன் துணை என்று அவளிடமே சொல்லியிருக்கிறான். அவனோடு அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மனசில் துளி இஷ்டம் இல்லை. என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவள், வேதாகமத்தை மடியில் வைத்து அதன் உறையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: “டீச்சர், நான் மாட்டேன்னு சொன்னா அது அவர வேண்டாம்னு சொல்றதா, ஆண்டவர வேண்டாம்னு சொல்றதா?”

அந்தத் தம்பி பொய் சொன்னான் என்று நான் எண்ணவில்லை. உண்மையாகவே உபவாசம் இருந்தவன், உண்மையாகவே நம்பினவன். ஆனால் ஒருவன் தனியாகக் கண்ட தரிசனத்தை வேறு நாலு பேர் முன் வைத்து நிதானிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனக்குள்ளே எழுந்த தயக்கத்துக்கும் ஆண்டவர் முன் மதிப்பு உண்டு என்று அந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இருவரும் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, நற்கருணைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள். இந்தப் பாரத்தைக் கொண்டுவந்து இறக்க அவர்களுக்குச் சபையில் ஓர் இடம் இல்லாமல் போயிற்று. அவளுக்குக் கிடைத்தது என் வீட்டுத் திண்ணை.

கன்வென்ஷன் பந்தலில் மேடையிலிருந்து ஒருவர் விரல் நீட்டி ‘உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார்’ என்றதைக் கேட்டு, அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்த பிள்ளையையும் உங்களுக்குத் தெரியும். பேர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் இருக்கிறான். அழைப்பு மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அக்காள் கல்யாணக் கடன் என்ன ஆகும், இப்போதே போக வேண்டுமா, இறையியல் கல்லூரியில் படித்துவிட்டுப் போகலாமா, உனக்கு எந்த வரம் இருக்கிறது என்று நாங்கள் கண்டிருக்கிறோம் என்பதையெல்லாம் அவனோடு உட்கார்ந்து பேசியவர் யார்? கஷ்டப்பட்டு அவன் திரும்பி வந்தபோது, ‘அவசரப்பட்டுட்டான்’ என்று சொல்ல மட்டும் ஊரே இருந்தது. சர்க்கரை வியாதி சுகமாயிற்று என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டதை நம்பி மாத்திரையை நிறுத்தி, கால் விரலை இழந்த அம்மாவின் கதையும் இப்படித்தான். அவர் மாத்திரையை நிறுத்தியது பக்கத்து வீட்டு விசுவாசிகளுக்குத் தெரியும். விசுவாசத்தைக் குலைக்கக் கூடாது என்று சும்மா இருந்தார்கள்.

உங்களைக் கேட்கிறேன். விசுவாசம் என்றால் சும்மா இருப்பதா?

சாமுவேலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் கேட்டது மெய்யான சத்தம். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மூன்று தரம் அவன் தப்பான ஆளிடம் ஓடினான். கூப்பிடுகிறவர் யார் என்று கண்டுகொண்டவர் ஏலி. அவரோ கண்பார்வை மங்கிய கிழவர். தம்முடைய சொந்தப் பிள்ளைகளை அடக்காமல் விட்ட தகப்பன். ஆண்டவரின் சத்தத்தைக் கேட்டவனால் அதை இன்னதென்று அறிய முடியவில்லை. அறிந்தவருக்கோ அந்தச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் வார்த்தை வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலையில் நடந்தது இன்னும் பெரிது. அந்த வார்த்தை ஏலியின் வீட்டுக்கு விரோதமானது. பையன் சொல்லப் பயப்படுகிறான். ஒன்றையும் மறைக்காதே என்று ஏலி அவனை வற்புறுத்திக் கேட்டு, தம்மீது வந்த தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறார். மூப்பர்களே, சேகர கமிட்டி அங்கத்தினர்களே, ஓர் இளைஞன் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும்போது இந்த ஏலியின் அளவுக்காவது நம்மால் கேட்க முடிகிறதா?

பவுலைவிடத் தெளிவான தரிசனம் கண்டவர் யார்? தமஸ்குவின் வழியில் வெளிச்சம் சூழ்ந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. அப்படிப்பட்டவரிடமே, பட்டணத்துக்குள் போ, செய்ய வேண்டியது அங்கே உனக்குச் சொல்லப்படும் என்றுதான் உத்தரவாயிற்று. அங்கே அனனியா என்ற ஒரு சாதாரண சீஷன் வந்து கை வைக்க வேண்டியிருந்தது. எருசலேமில் எல்லாரும் அவருக்குப் பயந்தபோது பர்னபா கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சுவிசேஷம் மனுஷரால் தமக்கு வரவில்லை என்று அவ்வளவு உறுதியாகக் கலாத்தியருக்கு எழுதியவர், பதினான்கு வருஷத்துக்குப் பின் எருசலேமுக்குப் போய்த் தாம் பிரசங்கிப்பதை அங்கிருந்தவர்கள் முன் எடுத்து வைத்ததையும் அதே நிருபத்தில் எழுதுகிறார். தாம் ஓடின ஓட்டம் வீணாகக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். பவுலுக்கே அது தேவைப்பட்டது என்றால், உபவாசத்தில் ஒரு முகம் கண்ட தம்பிக்குத் தேவையில்லையா?

கொரிந்து சபைக்கு அவர் கொடுத்த ஒழுங்கும் நம் கண்ணெதிரே கிடக்கிறது. தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்கிறார். முதல் பாதியை எடுத்துக்கொண்டோம். மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற பாதியை எங்கே விட்டோம்? நிதானிக்கிற மற்றவர்கள் எங்கே உட்காருகிறார்கள், எப்போது பேசுகிறார்கள்? எனக்குத் தெரிந்த எந்த கன்வென்ஷன் நிகழ்ச்சி நிரலிலும் அதற்கு நேரம் ஒதுக்கிப் பார்த்ததில்லை.

புத்தாண்டு பிறக்கிற ராத்திரி ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் வேதாகமத்துக்குள்ளும் பழைய அட்டைகள் இருக்கின்றன. ஆனால் அடிக்கடி நம் கைக்கு வருகிற எரேமியா 29-ஆம் அதிகாரத்து வாக்குத்தத்தம் யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனம் முழுவதுக்கும் எழுதப்பட்ட கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த நம்பிக்கையைச் சொல்கிறது. அதுவும் எழுபது வருஷம் கழித்து என்று. அதைப் பெற்றவர்களில் பலர் அந்த நிறைவேறுதலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். தங்கள் ஜனத்துக்குக் கிடைக்கும் என்றுதான் நம்பினார்கள். நாமோ அதை அட்டையில் அச்சடித்து, எனக்கு என்ன வந்தது, உனக்கு என்ன வந்தது என்று பங்கு போட்டுக்கொண்டோம். ஆண்டவர் நம்மிடம் பேசுவார் என்பதே மறந்துபோய், என்னிடம் மட்டும் பேசுவார் என்று ஆகிவிட்டது.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. தரங்கம்பாடியில் 1919-ஆம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், பெரும்பாலும் இந்தியக் குருமாராகிய ஒரு சிறு கூட்டம் கூடி, பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. அதில் முன்நின்றவர் நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அன்றைக்கு அவர் தோர்ணக்கல் பேராயர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர் நினைத்திருந்தால் ‘ஆண்டவர் எனக்குக் காட்டினார்’ என்று தனி வழி போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பேராயர் பதவி வேண்டுமா, குருப்பட்டத்தை யார் கொடுப்பது, நற்கருணையை யார் நடத்துவது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கோபித்துக்கொண்டார்கள், மறுபடியும் உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் போயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு தினத்திலேயே கண் மூடிவிட்டார். எத்தனையோ மாநாடுகள், எத்தனையோ கடிதங்கள் வழியாக வந்த அந்த முடிவின் பலனைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மேசையில் நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் திருச்சபையின் மக்கள் இன்று முடிவெடுக்கிற விதத்தைப் பாருங்கள். தேர்தல் வந்தால் அணி பிரிகிறோம். யார் பக்கம் யார் என்று பார்த்துக் கைகொடுக்கிறோம். வாக்குக்கு இவ்வளவு என்று பேசப்படுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தோற்றவர்கள் வழக்குப் போடுகிறார்கள். சகோதரன் மேல் சகோதரன் நியாயஸ்தலத்துக்குப் போவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் எப்படிக் கண்டித்தார் என்பதை நாமே வாசிப்பு நேரத்தில் சத்தமாக வாசிக்கிறோம். வாக்கெடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நாலு பேர் எடுத்ததே முடிவு என்று ஆகிவிடும். ஆனால் ஐம்பத்தோரு பேர் கை தூக்கினால் நாற்பத்தொன்பது பேருடைய மனச்சாட்சிக்குள் ஆவியானவர் பேசியது ஒன்றுமில்லாமல் போகுமா?

வேறு வழி உண்டு. ரோமாபுரியில் 1539-ஆம் வருஷம் தபசு காலத்தில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் அவருடைய தோழர்களும் ஒரு கேள்வியோடு கூடினார்கள். அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். மூன்று வருஷத்துக்குப் பின் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கி ஜெபித்தவர் என்று நாம் அறிந்த அதே சவேரியார். பாப்பரசர் எங்களைப் பல திசைக்கும் அனுப்பப் போகிறார், நாங்கள் ஒரே குழுவாக இருப்பதா, கலைந்துவிடுவதா என்பது முதல் கேள்வி. அது சீக்கிரம் முடிந்தது. எங்களில் ஒருவருக்கு மற்ற எல்லாரும் கீழ்ப்படிவோம் என்று பொருத்தனை செய்வதா என்பது அடுத்தது. அதில்தான் நாள்கணக்காக மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது தனிமைக்குப் போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்றார்கள். பகலில் பிரசங்கமும் ஏழைகளுக்குச் செய்கிற வேலையும் நடக்கட்டும், ராத்திரியில் கூடுவோம் என்றார்கள். ஒவ்வொருவரும் தனியாக ஜெபித்து வர வேண்டும். ஒருவரை ஒருவர் தன் பக்கம் இழுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தாம் இந்தக் குழுவைச் சேராத வெளியாளாக நின்று பார்த்தால் என்ன ஆலோசனை சொல்வோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு நாள் எல்லாரும் அந்த யோசனைக்கு எதிரான காரணங்களை மட்டும் சொன்னார்கள். வேண்டும் என்று நினைக்கிறவரும் எதிரானதைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் எல்லாரும் ஆதரவான காரணங்களை மட்டும் சொன்னார்கள். இதில் யார் எந்த அணி என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் ஒருமனப்பட்டார்கள். இயேசு சபை அப்படித்தான் உருவாயிற்று. நாம் புராட்டஸ்டண்டுகள், நமக்கு எதற்கு இஞ்ஞாசியார் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நல்லதை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

இனி, உங்களில் சிலருடைய மனசில் எழுந்திருக்கிற எதிர்ப்புக்கு வருகிறேன். அது நியாயமான எதிர்ப்பு. லேசாகத் தாண்டிப் போக முடியாது. ‘சபை கூடி முடிவெடுத்தால் மட்டும் சரியாகிவிடுமா? சபை கூடித்தானே எங்களை ஒதுக்கிற்று?’

ஆம். ஊரே ஒருமனப்பட்டுப் பாவம் செய்திருக்கிறது. கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் உட்காரவைத்ததும், நற்கருணைக்கு யார் முதலில் வருவது என்று வரிசை வைத்ததும், செத்த பிறகும் சேராமல் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டதும் தனி ஆள் ஒருவருடைய வேலை அல்ல. கமிட்டி கூடி, ஜெபத்தோடு ஆரம்பித்து, ஜெபத்தோடு முடித்துச் செய்த வேலை. அந்தத் தோட்டங்களில் சில இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து வருகிற ஒரு சகோதரன், ‘சேர்ந்து நிதானிப்போம்’ என்று நான் சொன்னதும் பின்வாங்கினால் அவனைக் குறை சொல்ல என் நாக்கு எழாது.

ஆகையால்தான், நிதானிக்க யார் யார் உட்காருகிறார்கள் என்பதில் எனக்குக் கரிசனை. எருசலேம் சபையில் கிரேக்க பாஷை பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு வந்தது. அப்போஸ்தலர் அதை முறுமுறுப்பு என்று தள்ளவில்லை. சபையாரைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் பசியாக இருந்தார்களோ அவர்களுடைய கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். பிறகு அந்தியோகியாவில் பேதுருவே பந்தியிலிருந்து எழுந்து ஒதுங்கினபோது, மற்ற யூதர்களும் ஒதுங்கினார்கள், பர்னபாவும் இழுபட்டார். முகத்துக்கு முன் எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர், பவுல். அந்த ஒருவர் எழுந்து பேசக்கூடிய சபைதான் சபை.

ஆனால் சபை தவறிவிட்டது என்பதற்காக ஆளாளுக்குத் தனியாகப் போய்விடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜெர்மனியில் இட்லரின் காலத்தில் புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பகுதி அவனுடைய போக்கில் போயிற்று. அதை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குள் உட்கார்ந்து தனி ஜெபம் செய்ததோடு நிற்கவில்லை. 1934 மே மாதக் கடைசியில் பார்மன் என்ற ஊரில் லுத்தரன்களும் சீர்திருத்தச் சபையாரும் ஐக்கிய சபையாருமாக 139 பிரதிநிதிகள் கூடி, கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவன் சபைக்கு இல்லை என்று சேர்ந்தே அறிக்கையிட்டார்கள். கெட்டுப்போன கூட்டத்துக்கு எதிராக அவர்கள் தேடிக்கொண்டதும் ஒரு கூட்டத்தைத்தான்.

இளைஞர்களே, உங்களிடம் தனியாகச் சொல்கிறேன். ‘நானும் ஆண்டவரும் போதும், சபை எனக்கு எதற்கு’ என்று உங்களில் பலர் சொல்வது என் காதில் விழுகிறது. கைப்பேசியில் நல்ல பிரசங்கம் கிடைக்கிறது, நல்ல பாட்டுக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்கள் அப்பாவின் குடிப்பழக்கம் தெரியாது. உங்களுக்குக் கோபம் வந்தால் எப்படிப் பேசுவீர்கள் என்று தெரியாது. பத்தாம் வகுப்பில் தோற்றபோது நீங்கள் எப்படி எழுந்து நின்றீர்கள் என்றும் தெரியாது. அதெல்லாம் தெரிந்தவர்கள் உங்கள் சபையில் இருக்கிறார்கள். நீங்கள் ஏன் அவர்களிடம் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல, என்னோடொத்த அம்மாமாரே. ஒரு வீட்டில் கண்ணீரோடு சொன்னது, ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் சாயங்காலத்துக்குள் மூன்று தெருவைத் தாண்டிவிடுகிறது. ‘ஜெபிக்கத்தானே சொன்னேன்’ என்கிறோம். கல்யாணம் தள்ளிப்போகிற வீடு, பிள்ளை இல்லாத வீடு, பையன் மறுவாழ்வு மையத்தில் இருக்கிற வீடு, இவையெல்லாம் நமக்கு ஜெபக்குறிப்பு. அந்த வீட்டாருக்கு அது மானம். நாம் வாயைக் காக்காத வரைக்கும் ஒரு பிள்ளையும் தன் மனசைத் திறக்காது, திறக்கவும் கூடாது. சேர்ந்து நிதானிப்பதற்கு முதல் தேவை வேத அறிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் தேவை, கேட்டதை வெளியே சொல்லாத நாலு பேர்.

ஊழியக்காரர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். மேடையில் நின்று ஒருவரைப் பார்த்து ஆண்டவருடைய பெயரால் ஒன்றைச் சொல்லும்போது, ‘இதை உங்கள் சபையாரிடமும் உங்கள் வைத்தியரிடமும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது ஆண்டவரிடத்திலிருந்து வந்திருந்தால் அந்தச் சோதனையில் அது நிற்கும். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை வேதம் புகழ்கிறது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு சபையிலும் மாதம் ஒரு சாயங்காலம் இதற்கென்று ஒதுக்குங்கள். கோயிலுக்குள் வேண்டாம், அங்கே நாம் எல்லாரும் முன்னால் பார்த்தே உட்கார்ந்து பழகிவிட்டோம். அசனம் போடுகிற கொட்டகையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். மைக் வேண்டாம். சபைக் குருவாகிய ஐயரவர்கள் இருக்கட்டும், ஆனால் கடைசியில் பேசட்டும். பெரிய முடிவு ஒன்றுக்கு முன்னால் நிற்கிறவர் யாராவது இருந்தால், அவர் விரும்பி வந்து, தன் காரியத்தைச் சபை நடுவே வைக்கட்டும். பலர் முன் பேசக் கூச்சப்படுகிறவர் தாம் நம்பும் மூன்று நான்கு பேரைத் தெரிந்துகொள்ளட்டும், அவர்கள் தனியாக உட்காரட்டும். கேட்கிறவர்கள் புத்தி சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் கேள்வி மட்டும் கேளுங்கள். உனக்கு எதில் சமாதானம் இருக்கிறது, எதை நினைத்தால் தூக்கம் வரவில்லை, இதனால் யாருக்குப் பாரம் கூடும் என்று கேளுங்கள். எருசலேமில் புறஜாதியாரைப் பற்றிப் பெரிய தர்க்கம் எழுந்தபோது, எதிர்த்தவர்களையும் பேசவிட்டு, பேதுருவின் அனுபவத்தைக் கேட்டு, பர்னபாவும் பவுலும் கண்டதைக் கேட்டு, யாக்கோபு தீர்க்கதரிசிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் வந்து நின்ற இடம் புதிதாய் வந்தவர்கள்மேல் வீண் பாரம் சுமத்தக் கூடாது என்பதுதான். முடிவோ காரியத்தைக் கொண்டுவந்தவருடையது. நம் கையில் தீர்ப்பு இல்லை. அவர் தனியாக இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும்.

சபையின் பொதுக் காரியங்களையும் இதே பாயில் வையுங்கள். கோபுரத்தை உயர்த்துவதா, அந்தப் பணத்தில் படிப்பை நிறுத்தின பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதா என்பது போன்றவை. ஒரு மாதம் வேண்டாம் என்பதற்கான காரணங்களை எல்லாரும் சொல்லுங்கள். அடுத்த மாதம் வேண்டும் என்பதற்கானதை எல்லாரும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கமிட்டியில் வாக்குக்கு வரட்டும். கோபுரம் ஒரு வருஷம் தாமதித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்பீர்கள். இதுவரை யாரைக் கூப்பிடவில்லையோ அவர்களை. காணிக்கைப் புத்தகத்தில் பெயர் பிந்தியிருக்கிறவர்களை, ஊர் ஓரத்துத் தெருவில் இருக்கிறவர்களை, திடப்படுத்தல் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைகளை. பெனடிக்ட் தம்முடைய மடத்துக்கு ஒழுங்கு எழுதினபோது, முக்கியமான காரியம் வந்தால் எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்றார். இளையவனுக்கே ஆண்டவர் பலமுறை நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் சொன்னார். கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு வருஷமாக அந்த ஒழுங்கின்படி மடங்கள் நடக்கின்றன.

பெண்களையும் கூப்பிடுங்கள் என்று நான் தனியாக எழுத வேண்டியிருப்பதே வருத்தம். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, அதைக் கொண்டுவந்து ஏலம் விட்டு, ஊழியரை அனுப்பியவர்கள் நம் பாட்டிமார். அந்த அரிசிப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று அவர்களிடம் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. 1976 முதல் நம் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013-இல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார். ஊர்ச் சபையின் கமிட்டிக் கூட்டத்திலோ இன்னும் ஒன்றிரண்டு பெண்கள் ஓரமாக உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள்.

அடுத்த சேகர கமிட்டிக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஐயரவர்களைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள், அதில் ஒருவர் இளைஞராக இருக்கட்டும். மாதத்தில் ஒரு சாயங்காலம் வேண்டும் என்று கேளுங்கள். இப்போது முடியாது என்றால் மறுபடியும் போய்க் கேளுங்கள். அந்தச் சாயங்காலம் கிடைத்துவிட்டால், பாய் விரிப்பதையும் தேயிலைத் தண்ணீர் போடுவதையும் பெண்கள் சங்கத்தின் தலையில் வைத்துவிடாதீர்கள். அதை ஆண்களும் முறை வைத்துச் செய்யுங்கள். நாங்கள் அன்றைக்கு உட்கார்ந்து பேச வேண்டும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி